மணிக்கட்டு உள்ள இயந்திரம்

இணுவிலில் முதியவர் ஒருவர் இரவில் ஐந்து முறை எழுந்து கொல்லைப்புறம் போவாராயின், "வயசு போனால் உப்பிடித்தான்" என்று வீட்டார் அமைந்துவிடுவர். அவரும் வெட்கத்தால் வாய் திறவார். பெரும்பாலும் அது முன்னிற்குஞ் சுரப்பியின் சாதாரண வீக்கமே. ஆயினும் அதே சுரப்பியிற் புற்றுநோயும் தோன்றுவதுண்டு. தொடக்கத்தில் அது யாதோர் அடையாளமும் காட்டாதிருக்கலாம்.

பெரிய பாக்களவான இச்சுரப்பி, சலப்பைக்குக் கீழே சலவழியைச் சூழ்ந்திருக்கிறது. புற்றுநோய் அதனுள் அடங்கியிருக்கும்போது முழுதையும் அகற்றுதல் ஒரு சிகிச்சை. இருபுறமும் மெல்லிய நரம்புகள் ஒட்டியோடுகின்றன. அவற்றைக் காத்து அகற்றும் வகையை அமெரிக்க வைத்தியர் பற்றிக் உவால்ஷ் 1982 இல் செய்து காட்டினார்.

பின்னர், வயிற்றிற் சிறு துளைகளிட்டுச் செய்யும் முறை வந்தது. அதில் ஒரு குறை: கருவிகள் நேரான கோல்கள், அவற்றுக்கு மணிக்கட்டில்லை. தவிலுக்குப் பேர்போன எமதூரவர்க்கு மணிக்கட்டுத் திரும்பாத கை எத்தகையதென நாம் விளக்கவேண்டியதில்லை. இக்குறையைத் தீர்க்க வந்ததே 'டாவின்சி' இயந்திரம். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. புதுச்சேரி ஜிப்மரிற் பயின்ற மணி மேனன், டிற்றோயிற் நகரில் இச்சத்திரசிகிச்சையைப் பெரிதும் வளர்த்தார்.

இயந்திரம் தானாக எதையும் வெட்டுவதில்லை. வைத்தியர் சற்றுத் தள்ளி அமர்ந்து, பெருத்துத் தெரியும் முப்பரிமாணக் காட்சியை நோக்கி விரல்களை அசைக்கிறார், உள்ளேயுள்ள கருவி அவ்வசைவையே சிறிதாக்கிச் செய்கிறது, கைநடுக்கமும் வடிகட்டப்படுகிறது. சுரப்பியை எடுத்தபின் சலப்பையையும் சலக்குழாயையும் தைத்திணைக்க வேண்டும். மணிக்கட்டின் அருமை அங்கேதான் தெரிகிறது.

இதற்காகக் காணியை ஈடுவைக்க ஓடவேண்டியதில்லை. பிறிஸ்பேனில் நடந்து 2016 இல் வெளியான ஆய்வில், மூன்று மாதத்தின் பின் சலத்தை அடக்கும் ஆற்றலில், திறந்து வெட்டும் பழைய முறைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. இரத்த இழப்பு இதிற் குறைவு. இயந்திரத்தின் பெயரைக் கேட்பதோடு, வைத்தியர் இதனை எத்தனை பேருக்குச் செய்தவர் என்றும் கேட்கலாம், தவறில்லை.

அயலூரான மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 1867 இலேயே 'இரண வைத்தியம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். அன்று தமிழிற் சொல்ல முடிந்ததை இன்று வைத்தியரிடம் சொல்ல நாம் கூசுவானேன்? சலம் தடைப்பட்டாலோ, சலத்தில் இரத்தங் கண்டாலோ, தந்தையாரை மகனே அழைத்துச் செல்லட்டும். தனியே அனுப்பினால், அவர் பாதிவழியிற் கந்தசுவாமி கோயிலுக்குத் திரும்பிவிடுவார்.