இணைப்பு எங்கே போயிற்று?

மின்னஞ்சலில் படம் போகிறது, பாட்டு போகிறது, பிடிஎஃப் போகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் போவதெல்லாம் எழுத்துதான். 1982இல் வகுத்த விதிகள் 7 பிட் ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே அனுமதித்தன: ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள். படத்தை விடுங்கள், பிரெஞ்சுக்காரர் ஒருவர் தம் பெயரைக்கூட அதன் மேற்கோடுகளோடு எழுதி அனுப்ப வழியில்லை.

உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்த சர்வர்களையெல்லாம் மாற்றுங்கள் என்றால் யார் கேட்பார்கள்? நத்தானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் சர்வர்களைத் தொடவே இல்லை. மடலின் உடலைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஆஸ்கி வேடத்தில் அனுப்பும் முறையை வகுத்தார்கள். அதன் பெயர் மைம். 1992 மார்ச் 11 அன்று போரன்ஸ்டைன் அனுப்பிய மடலில், பெல்கோர் நிறுவனத்தில் அவரும் சக ஊழியர்களும் சேர்ந்து பாடிய நால்வர் குழுவின் படமும் பாட்டும் இருந்தன.

முறை எளியது. மடலின் தலைப்பு வரிகளில் ஓர் எல்லைச் சொல் இருக்கும். பொருளில்லாத எழுத்துக் கலவை, அதிகபட்சம் 70 எழுத்து. உடலில் இரண்டு சிறுகோடுகளோடு அந்தச் சொல் தனி வரியாக வந்தால் புதிய பகுதி தொடங்குகிறது. சொல்லின் பின்னாலும் இரண்டு சிறுகோடுகள் இருந்தால் எல்லாம் முடிந்தது. படத்தை எழுத்தாக்குவது பேஸ்64: மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து. அதனால் 15 எம்பி கோப்பு வழியில் 20 எம்பியைத் தாண்டிவிடும். ‘வரம்புக்குள்தானே இருந்தது, ஏன் திரும்பி வந்தது?’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வம்பு தொடங்குவது பகுதிகளின் உறவில். மல்டிபார்ட் மிக்ஸ்டு என்றால் பகுதிகள் வெவ்வேறு, எல்லாவற்றையும் காட்டு என்று பொருள். மல்டிபார்ட் ஆல்டர்னேட்டிவ் என்றால் ஒரே செய்தியின் பல வடிவங்கள். உனக்குப் புரிவதில் கடைசியானதைக் காட்டு. வெறும் எழுத்து முதலில், எச்டிஎம்எல் பின்னால் என்பது வழக்கம். இணைப்பை இந்த இரண்டாம் வகைக்குள் வைத்து அனுப்பும் மென்பொருள்களும் உண்டு. பெறும் மென்பொருள் ஒரு வடிவத்தைக் காட்டிவிட்டு மற்றதை ஒதுக்கிவிடும். இணைப்பு தொலையவில்லை, மடலுக்குள்ளேதான் இருக்கிறது. கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

மடல்களைச் சேமித்துக் காட்டும் ஆவணக் கிடங்குகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மெயில்மேன் போன்ற மடற்குழு மென்பொருள்கள் எச்டிஎம்எல் பகுதியைக் கழற்றித் தனிக்கோப்பாக வைத்துவிட்டு, வெறும் எழுத்தை மட்டும் பக்கத்தில் காட்டும்படி அமைக்கப்படுவதுண்டு. அனுப்பியவரின் மென்பொருள் எழுத்துப் பகுதியைக் காலியாக விட்டிருந்தால் பக்கமும் காலி. பழி கிடங்கின்மேல் விழும். என் கணக்கில் குற்றவாளி அனுப்பிய மென்பொருள்.

தமிழுக்கு வரும் கேடு வேறு மாதிரி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றுதான். இரண்டாவது இரண்டே மதிப்புகளில் ஒன்று. பகுதியின் தலைப்பில் எழுத்துக்குறிமுறை எது என்று சொல்லாமல் விட்டால், பெறும் மென்பொருள் அதை மேற்கு ஐரோப்பிய எழுத்தாக வாசித்துவிடும். அப்போது தலையில் சாய்கோடு போட்ட ‘ஏ’யும், வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட வணிகக் குறியும் வரிவரியாக ஓடும். இந்த ஜோடியைக் கண்டாலே உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். குறிமுறையை யூடிஎஃப்-8 என்று மாற்றினால் படிக்க வந்துவிடும். தமிழ் இருக்க வேண்டிய இடங்களில் வெறும் கேள்விக்குறிகள் மட்டும் நின்றால் கதை வேறு. வழியில் எங்கோ எழுத்துகள் அழிந்துவிட்டன, மீட்க முடியாது.

எந்தச் சிக்கலானாலும் முதலில் மடலின் மூல வடிவத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான அஞ்சல் சேவைகளில் அதற்கு ஒரு வசதி உண்டு. தலைப்பில் சொன்ன எல்லைச் சொல்லும் உடலில் உள்ளதும் ஓரெழுத்து பிசகாமல் ஒத்துப்போகின்றனவா, ஒவ்வொரு பகுதியும் தன் வகையைச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னால் சிறுகோடுகள் கொண்ட முடிவு வரி இல்லாமல், பேஸ்64 எழுத்துகள் பாதியிலேயே நின்றிருந்தால் மடல் வழியில் அறுந்திருக்கக்கூடும். அனுப்பியவரிடம் மறுபடி கேட்டு வாங்குவதே வழி.