எபாக்ஸி கிரானைட்: பசையைக் கூட்டினால் பலம் கூடுமா?

வீட்டு மாடியில் குட்டி சிஎன்சி ரவுட்டர் கட்டியாச்சு. மோட்டார் ஓடுது, கட்டர் சுத்துது. ஆனால் அலுமினியத்தை வெட்டத் தொடங்கியதும் மொத்த மெஷினும் நடுங்குது. வார்ப்பிரும்பு அடித்தளம் வாங்க பட்ஜெட் இல்லை. ஜல்லியையும் எபாக்ஸியையும் கலந்து நாமே வார்த்தால் என்ன?

தாராளமாக வார்க்கலாம். ஆனால் கலவையைச் சொதப்பினால் காசு மட்டுமல்ல, உடம்பும் கெடும்.

எபாக்ஸி கிரானைட் என்றால் என்ன?

கான்கிரீட்டில் சிமென்ட் செய்யும் வேலையை இதில் எபாக்ஸி பிசின் செய்கிறது. அதிர்வை வார்ப்பிரும்பைவிட வேகமாக அடக்கும். சுவிட்சர்லாந்தின் ஸ்டூடர் நிறுவனம் தன் கிரைண்டிங் மெஷின்களுக்கு 'கிரானிடான்' என்ற பெயரில் இந்த வகை அடித்தளத்தைத்தான் பயன்படுத்துகிறது. கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியிலும் இதுபற்றி ஆய்வுகள் நடந்துள்ளன.

ஒரு குறை: விறைப்பில் வார்ப்பிரும்புதான் முன்னணி. அதனால் பாகத்தைத் தடிமனாக வார்க்க வேண்டும்.

பசை எவ்வளவு ஊற்றணும்?

பலரும் தப்பு செய்யும் இடம் இதுதான். பலம் தருவது கல்; கற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை நிரப்பி ஒட்டுவது மட்டுமே பசையின் வேலை. பசை கூடினால் விறைப்பு குறையும், இறுகும்போது சுருக்கமும் கூடும்.

இடைவெளியைக் கண்டுபிடிக்க ஒரு சமையலறைத் தராசு போதும். 1 லிட்டர் டப்பாவில் காய்ந்த ஜல்லியைத் தட்டித் தட்டி நிரப்பி எடை போடுங்கள். ஒரே அளவு ஜல்லி என்றால் சுமார் 1.6 கிலோ வரும். கிரானைட்டின் அடர்த்தி லிட்டருக்கு சுமார் 2.65 கிலோ. அப்போ டப்பாவில் 40 சதவீதம் காலி இடம்! அதாவது 400 மில்லி பசை.

இப்போ பெரிய ஜல்லி, சிப்ஸ், மணல் எனப் பல அளவுகளைக் கலந்து பாருங்கள். எடை 2 கிலோவைத் தொட்டால் காலி இடம் 25 சதவீதம்தான்; 250 மில்லி பசை போதும். எந்தக் கலவை அதிக எடை காட்டுகிறதோ, அதுவே ஜெயித்த கலவை.

எங்கே சொதப்பும்?

கல்லில் ஈரமோ தூசியோ இருந்தால் பசை பிடிக்காது. கழுவி, நன்றாகக் காயவைக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டக் கூடாது. கூடுதலாக ஊற்றியது வினைபுரியாமல் தங்கி, வார்ப்பு பலவீனமாகும். இறுகும்போது எபாக்ஸி சூடாகும். கப்பில் மொத்தமாக விட்டுவைத்தால் புகையே வரலாம். மெதுவாக இறுகும் ஹார்டனரே நல்லது. அச்சில் கொட்டும்போது அதிர்வு கொடுத்தால் காற்றுக் குமிழ்கள் வெளியேறும்.

உடம்புக்கு என்ன ஆபத்து?

கல் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குப் போனால் சிலிகோசிஸ் வரலாம். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. எபாக்ஸி அடிக்கடி தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத் தொடரும். என்95 மாஸ்க், நைட்ரைல் கையுறை, காற்றோட்டமான இடம் மூன்றும் கட்டாயம். கையில் பட்டால் தின்னர் வேண்டாம், சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

கடைசியாக ஒன்று. நேரடியாகப் பெரிய அச்சில் இறங்காதீர்கள். சோப்புக்கட்டி அளவில் ஒரு துண்டு வார்த்து, 7 நாள் கழித்துச் சுத்தியலால் உடையுங்கள். கண்ணாடி போட மறக்காதீர்கள். கல்லே உடைந்திருந்தால் கலவை பாஸ். கல் முழுசாகக் கழன்று வந்திருந்தால், கழுவிக் காயவைத்ததில்தான் கோளாறு. மறுபடி முதலிலிருந்து!