சம்பளத்தைத் தீர்மானிக்கும் சபையில் நம்ம ஆளு யாரு?



சம்பளப் பேச்சு வந்தால் பெரட்டுக்களத்தில் இப்படி ஒரு உரையாடலை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

"ஏந்தம்பி, சம்பளம் கூட்டுறதப் பத்தி கொழும்புல சபை கூடுதாமே. அங்க நமக்காகப் பேசுறது யாரு?"

"நம்ம ஆளுங்கதான் அக்கா."

"நம்ம ஆளுனா யாரு? பேரு என்னா? நம்மளக் கேட்டா அனுப்புனாங்க?"

தோட்டத் தலைவர் தம்பிக்கு உடனே பதில் வரவில்லை. அக்கா கேட்டது சும்மா கேள்வி இல்லை. நமக்கு முழுப்பேருக்கு எவ்வளவு காசு என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார், அவரை யார் உட்கார வைத்தது என்று தெரிந்துகொள்ள நமக்கு உரிமை உண்டு. அதைத்தான் இங்கே விளக்கப் போகிறோம்.

சம்பள நிர்ணய சபை என்றால் என்ன?

அரசாங்கம் எல்லா வேலையையும் அமைச்சுகள் மூலமாக மட்டும் செய்வதில்லை. சில வேலைகளுக்குச் சபை, ஆணைக்குழு, அதிகாரசபை என்று தனியான அமைப்புகள் உண்டு. ஒவ்வொன்றிலும் யார் யார் இருக்க வேண்டும் என்பதை அதற்குரிய சட்டமே சொல்கிறது.

சம்பள நிர்ணய சபைகளுக்கு உரியது 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன்படி ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனிச் சபை அமைக்கலாம். தேயிலை பயிரிடுவதற்கும் உற்பத்திக்கும் ஒரு சபை இருக்கிறது. அந்தச் சபை ஒரு தொகையைத் தீர்மானித்து அது சட்டமாகிவிட்டால், கம்பனித் தோட்டம், தனியார் தோட்டம் என்ற பேதமில்லை. அதற்குக் குறைவாக எந்தத் துரையும் சம்பளம் போட முடியாது.

அங்கே உட்காருபவர்கள் யார்?

அந்த மேசையைச் சுற்றி மூன்று தரப்பார் இருக்கிறார்கள்.

முதலாவது, தொழில் கொடுப்பவர்களின் பிரதிநிதிகள். கம்பனிகளின் பக்கம் பேசுபவர்கள் இவர்கள்.

இரண்டாவது, தொழிலாளர் பிரதிநிதிகள். முதல் தரப்பில் எத்தனை பேரோ, இந்தத் தரப்பிலும் அத்தனை பேர். ஒருவர் கூடவோ குறையவோ கூடாது.

மூன்றாவது, நியமன உறுப்பினர்கள். இவர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்க முடியாது.

தலைவராக இருப்பவர் தொழில் ஆணையாளர் நாயகம், அல்லது அவருக்காக வரும் அதிகாரி.

இவர்களை நியமிப்பது யார்?

இதற்குத் தேர்தல் கிடையாது. நாம் யாரும் வாக்குச் சீட்டில் புள்ளடி போடுவதில்லை. தொழிலாளர் பக்கத்துக்குத் தொழிற்சங்கங்கள் பெயர் கொடுக்கின்றன. கம்பனிப் பக்கத்துக்கு அவர்களுடைய அமைப்புகள் பெயர் கொடுக்கின்றன. நியமனக் கையெழுத்துப் போடுபவர் தொழில் அமைச்சர். நடுவில் இருக்கும் அந்த மூன்று பேரையும் தெரிவு செய்வது அமைச்சர்தான்.

அப்படியானால் "நம்ம ஆளு" என்பவர் நம்முடைய சங்கம் பெயர் கொடுத்த ஆள். அந்தப் பெயரைக் கொடுக்கும்போது சங்கம் நம்மைக் கேட்டதா என்பதுதான் அக்காவின் கேள்வி.

நடுவில் இருக்கும் மூன்று பேர்

இரண்டு பக்கமும் சம எண்ணிக்கை. இரண்டும் விட்டுக்கொடுக்காமல் நின்றால் என்ன நடக்கும்? தராசு நடுவில் இருப்பவர்கள் சாயும் பக்கம் இறங்கும்.

2021 பெப்ரவரியில் இதுதான் நடந்தது. அதற்கு முன் நமது சம்பளம் சங்கங்களும் கம்பனிகளும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தத்தில் தீர்மானமானது. 2019 ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. ஆயிரம் ரூபா கேட்டுப் பல வருசம் போராடியும் பேச்சுவார்த்தையில் அது கிடைக்கவில்லை. விசயம் சம்பள நிர்ணய சபைக்குப் போனது. கம்பனிப் பக்கம் எதிர்த்தது. தொழிலாளர் பக்கத்தோடு நியமன உறுப்பினர்களும் சேர்ந்து ஆதரித்ததால் பெரும்பான்மையில் தீர்மானம் நிறைவேறியது. அடிப்படை 900, வரவுசெலவுக் கொடுப்பனவு 100, ஆக ஆயிரம். 2021 மார்ச்சில் வர்த்தமானி வந்தது. கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போயும் உடனடித் தடை கிடைக்கவில்லை.

அந்த மூன்று பேரும் அன்று நம் பக்கம் சாய்ந்தார்கள். இன்னொரு நாள் மற்றப் பக்கம் சாயலாம். ஆகவே அங்கே யாரைப் போடுகிறார்கள் என்று கவனிப்பதும் நம்முடைய சம்பள விசயம்தான்.

முறை தவறினால் என்ன ஆகும்?

சபையில் கை தூக்கியதும் தீர்மானம் சட்டமாகிவிடாது. முதலில் வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். ஆட்சேபனை இருந்தால் எழுத்தில் அனுப்பத் தவணை கொடுப்பார்கள். வந்தவற்றைச் சபை பார்க்க வேண்டும். பிறகு அமைச்சரின் அங்கீகாரம். அது வர்த்தமானியில் வந்த பிறகுதான் தோட்டத்தில் செல்லும்.

2024 மே மாதம் நாள் சம்பளம் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்ததும் லயத்துக்கு லயம் சந்தோசம். கம்பனிகள் வழக்குப் போட்டன. அந்தத் தீர்மானம் எடுக்கப்பட்ட முறையே சட்டப்படி சரியில்லை என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மறுபடியும் சபை கூடி, செப்டெம்பரில் 1,350 ரூபா என்று புதிய வர்த்தமானி வந்தது. மே மாதம் கேள்விப்பட்ட தொகை கையில் வரவில்லை. புதிய தொகைக்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. தொகை எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதாது, முறை சரியா என்றும் பார்க்க வேண்டும் என்பது இதில் நாம் படித்த பாடம். அதற்குப் பிறகு வந்த மாற்றங்களைச் சம்பளச் சீட்டிலும் தொழில் அலுவலகத்திலும் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாச் சபைக்கும் ஒரே முறையா?

இல்லை. சில சபைகளுக்கு அமைச்சரே ஆள் போடுவார். மனித உரிமைகள் ஆணைக்குழு, தேர்தல் ஆணைக்குழு போன்றவற்றுக்கு அப்படிப் போட முடியாது. 2022இல் வந்த 21ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, அரசியலமைப்புப் பேரவை பெயர்களைச் சிபாரிசு செய்ய வேண்டும். அதன் பிறகே ஜனாதிபதி நியமிக்கலாம். சபாநாயகர் தலைமையில் 10 பேர் கொண்டது அந்தப் பேரவை. பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் அதில் இருக்கிறார்கள், பாராளுமன்ற உறுப்பினர் அல்லாத 3 பேரும் இருக்கிறார்கள். ஒருவர் விருப்பப்படி மட்டும் நியமனம் நடக்கக்கூடாது என்பதற்கே இந்த ஏற்பாடு.

நாம் என்ன செய்யலாம்?

ஒன்று: தோட்டக் கிளைக் கூட்டத்தில் கேளுங்கள். "சம்பள நிர்ணய சபைக்கு நமது சங்கம் யாருடைய பெயரைக் கொடுத்தது? அவர் கடைசியாக என்ன பேசினார்?" சந்தா கட்டுகிற ஆளுக்கு இதைக் கேட்க உரிமை உண்டு. மலையில் கொழுந்து எடுப்பது பெரும்பாலும் பெண்கள். பெயர் கொடுக்கும்போது ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இரண்டு: அறிவித்தல் வரும்போது தமிழ்ப் பத்திரிகையில் தேடிப் படியுங்கள். தவணை நாளைக் குறித்து வையுங்கள். சொல்ல வேண்டியதைச் சங்கம் மூலம் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். பெரட்டுக்களத்தில் பேசியது சபைக்குக் கேட்காது, கடதாசியில் எழுதியதுதான் போய்ச் சேரும்.

மூன்று: சபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று தொழில் திணைக்களத்திடமே கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி விட்டிருக்கிறது. தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எழுதத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களை உதவச் சொல்லுங்கள்.

இந்த உரிமை நாட்டின் பிரஜைகளுக்கு உரியது. 1948இல் நம் பாட்டன், பாட்டிகளில் பெரும்பாலானோருக்கு அந்தப் பிரஜாவுரிமையே இல்லாமல் செய்யப்பட்டது. அவர்கள் வாழ்நாளெல்லாம் கேட்க முடியாத கேள்வியை நாம் இன்று ஒரு கடிதத்தில் கேட்கலாம்.

அடுத்த முறை அக்கா கேட்கும்போது தலைவர் தம்பி தலையைச் சொறிய வேண்டாம். "இந்தா அக்கா பேரு, இவருதான் நம்ம ஆளு" என்று சொல்லும்படி செய்வது நம் எல்லோருடைய பொறுப்பு.