செயற்கைக் கோள் படங்களில் புகையும் தூசியும்

வாயுமண்டலத்தில் புகையோ தூசியோ மிகும்போது தரையில் நிற்பவருக்கு மங்கல் ஒன்றே புலனாகும். அது எங்கிருந்து வந்தது என்பது புலனாகாது. இக்குறையைச் செயற்கைக் கோள் படங்கள் பெரிதும் நீக்குகின்றன. மும்பையில் நேர்ந்த இரு நிகழ்ச்சிகள் அவற்றின் பயனையும் எல்லையையும் விளக்கும்.

செம்பூருக்குக் கிழக்கே தேவ்னாரில், 1927 முதல் குப்பை கொட்டப்பட்டு வந்த நிலம் சுமார் 132 ஹெக்டேர் பரப்புடையது. 2016 ஜனவரி இறுதியில் அது தீப்பற்றிப் பல நாட்கள் புகைந்தது. 70க்கு மேற்பட்ட மாநகராட்சிப் பள்ளிகளை மூட நேர்ந்தது. 2022 ஜனவரி 23ஆம் நாள் நேர்ந்ததோ வேறு வகையினது. பாகிஸ்தான் பகுதியில் எழுந்த தூசி அரபிக் கடலைக் கடந்து நகரின்மேல் படர்ந்தது.

இவ்விரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது? புகைத்துகள் மிக நுண்ணியது. நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்யும். ஆனால் நீண்ட அலைகளை அது பெரும்பாலும் தடுப்பதில்லை. ஆகவே, சுமார் 4 மைக்ரான் அலைநீளத்தில் நோக்கும் கருவி, புகையை ஊடுருவி நெருப்பையே காணும். தூசியோ பருமனானது. அதனை 11, 12 மைக்ரான் அலைகளில் அளந்து ஒப்பிட்டால், மெல்லிய மேகத்திற்கு நேர்மாறான வேற்றுமை தோன்றும். இம்முறை இரவிலும் பயன்படும்.

36,000 கி.மீ. உயரத்தில் நிலைகொண்டுள்ள இன்சாட் வகைக் கோள் அரைமணிக்கு ஒரு படம் தரவல்லது. அதனால் தூசியின் பயணத்தைத் தொடரலாம். லாண்ட்சாட் 8 நுண்ணிய படம் தரும். எனினும் அது ஓரிடத்திற்கு மீண்டும் வர 16 நாட்களாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. படம் காட்டுவது தரைமுதல் வானம்வரையுள்ள துகள்களின் மொத்தத்தையே. அவை 3 கி.மீ. உயரத்தில் உள்ளனவா, வகுப்பறைச் சன்னலில் உள்ளனவா என்பதைப் படம் மட்டும் கூறாது. மேகம் மூடினால் கீழுள்ளது தெரியாது. மேலும், குளிர்கால இரவுகளில் தரையையொட்டிய காற்று குளிர்ந்து தங்குவதால் புகை மேலெழாது. அப்போது நிலக்காற்று கிழக்கிலிருந்து வீசினால், தேவ்னார்ப் புகை செம்பூரையும், அதற்கப்பால் மாட்டுங்கா, தாராவி முதலிய இடங்களையும் நோக்கி நகரக்கூடும். பகலில் கடற்காற்று அதனை எதிர்த்திசையில் தள்ளும். நண்பகற் படத்தைக் கண்டு விடியற்காலை நிலையைத் தீர்மானித்தல் தவறாகும்.

எனவே களப்பணியாளரும் ஆசிரியரும் காலை, நண்பகல், மாலை ஆகிய மூவேளையும் காற்றின் திசை, புகைநாற்றம், தொலைப்பொருளின் தெளிவு ஆகியவற்றைக் குறித்தல் நலம். செம்பூர்ப் பள்ளிக்குத் திராம்பே குன்று தக்க அடையாளமாகும். இக்குறிப்பை அருகிலுள்ள காற்றளவை நிலையத்தின் எண்ணோடும் செயற்கைக் கோள் படத்தோடும் ஒப்பிடுக. எங்கிருந்து வந்தது என்பதைப் படம் கூறும். பிள்ளைகளை மைதானத்திற்கு அனுப்பலாமா என்பதைத் தரையில் எடுத்த அளவே கூறும்.