புதினா எண்ணெய் ஏன் குளிர்கிறது?

தம்பிக்குத் தடிமன். மூக்கு அடைத்துவிட்டது. அக்கா ஒரு சின்னப் போத்தலை எடுத்து வந்தாள்.

“அம்மம்மா, தம்பியின்ர மூக்கில கொஞ்சம் புதினா எண்ணெய் பூசட்டா?”

“ஐயோ, வேண்டாம் பிள்ளை! அவன் கைக்குழந்தை. அதைப் பூசக் கூடாது.”

“ஏன்? எனக்கு அது குளிரா, நல்லா இருக்குமே!”

அம்மம்மா ஏன் தடுத்தார்? அறிந்துகொள்வோம்.

இலையிலிருந்து எண்ணெய்

ஒரு புதினா இலையைக் கசக்கிப் பாருங்கள். வாசனை வரும். இலையின் மேல் மிகச் சிறிய எண்ணெய்ப் பைகள் இருக்கின்றன. கசக்கும்போது அவை உடைகின்றன.

எண்ணெய் எடுப்பவர்கள் இலைகளின் ஊடாக நீராவியைச் செலுத்துவார்கள். நீராவி எண்ணெயையும் தன்னோடு கொண்டு வரும். அந்த ஆவியைக் குளிரவைத்தால் நீரும் எண்ணெயும் கிடைக்கும். எண்ணெய் நீரின் மேல் மிதக்கும். அதைத் தனியே எடுப்பார்கள். இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தில் இதற்காகவே ஒரு வகைப் புதினாவை வயல்களில் பயிரிடுகிறார்கள். அந்த எண்ணெயில் ‘மெந்தோல்’ என்ற பொருள் நிறைய உண்டு. நாம் சட்னி அரைக்கும் புதினாவில் மெந்தோல் மிகக் குறைவு.

குளிரா? குளிர் போலவா?

நம் தோலில் குளிரை உணரும் நரம்புகள் உள்ளன. பனிக்கட்டி பட்டால், அவை “குளிர்!” என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். மெந்தோல் பட்டாலும் அதே செய்தியை அனுப்பும். ஆனால் தோல் உண்மையில் குளிர்ந்துவிடவில்லை!

டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டாபூட்டியன் என்ற அறிவியலாளர்கள் மெந்தோலைக் கொண்டு இதை ஆராய்ந்தார்கள். வெப்பத்தையும் தொடுகையையும் உடல் எப்படி உணர்கிறது என்று கண்டறிந்ததற்காக, 2021இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மூக்கடைப்பிலும் இதுதான் நடக்கிறது. மெந்தோலை முகர்ந்தால் காற்று நன்றாகப் போவதுபோல் தோன்றும். ஆனால் அடைப்பு அப்படியே இருக்கும்.

பயனும் கவனமும்

பற்பசை, மிட்டாய், வலித் தைலம் ஆகியவற்றில் புதினா எண்ணெய் அல்லது மெந்தோல் சேர்க்கிறார்கள். பற்பசையிலும் மிட்டாயிலும் அளவு மிகக் குறைவாக இருக்கும். தனி எண்ணெய் மிகவும் காரமானது. கண்ணில் பட்டால் எரியும். குடிக்கவே கூடாது. கைக்குழந்தையின் மூக்கருகே பூசினால் மூச்சுத் திணறலாம்.

“அப்ப தம்பிக்கு என்ன செய்யிறது, அம்மம்மா?”

“டொக்டர் தந்த உப்புத்தண்ணிச் சொட்டு மருந்து இருக்கு. அதை விடுவம்.”

அக்கா போத்தலை இறுக மூடி, அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

பேசுவோம்

1. மெந்தோல் மூளைக்கு என்ன செய்தி அனுப்ப வைக்கிறது?
2. அக்கா ஏன் போத்தலை மேல்தட்டில் வைத்தாள்?