தீர்ப்புக்கு முன்பே சாயும் ஜூரி

ஃபுளோரிடாவின் இரண்டு கவுண்டிகளில் 2000 முதல் 2010 வரை நடந்த 700க்கும் மேற்பட்ட கடுங்குற்ற வழக்குகளை மூன்று பொருளியலாளர்கள் ஆராய்ந்து, 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஜூரித் தேர்வுக்கு வந்தவர்கள் அனைவரும் வெள்ளையராக இருந்தபோது, குற்றம் சாட்டப்பட்ட கறுப்பர்களில் 81 சதவீதம் பேரும் வெள்ளையரில் 66 சதவீதம் பேரும் தண்டிக்கப்பட்டார்கள். வந்தவர்களில் ஒரு கறுப்பராவது இருந்தபோது இந்த இடைவெளி மறைந்தே போனது: 71, 73. கறுப்பர்கள்மீதான சாட்சியம்தான் வலுவாக இருந்திருக்குமோ என்று கேட்கலாம். ஆனால் எந்த நாளில் யார் அழைக்கப்படுகிறார்கள் என்பது குலுக்கலில் அமைவது. வழக்கின் வலுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சாமுவேல் சாமர்ஸ் 2006இல் வெளியிட்ட மாதிரி ஜூரி ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. கறுப்பரும் கலந்த குழுக்கள் நீண்ட நேரம் விவாதித்தன. வெள்ளையரே அங்கு வழக்கின் விவரங்களை அதிகம் பேசினார்கள், தவறுகளும் குறைந்தன.

ஆகவே, யாரை உட்காரவைப்பது என்ற கட்டத்திலேயே அநீதி தொடங்கிவிடுகிறது. காரணம் சொல்லாமலே சிலரை நிராகரிக்க இரு தரப்பு வக்கீல்களுக்கும் அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. இனத்தைப் பார்த்து நிராகரிக்கக் கூடாது என்று 1986இல் பேட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் கேட்டால் வேறொரு காரணத்தைச் சொல்லித் தப்பிவிடலாம். மிசிசிப்பியில் கர்டிஸ் ஃபிளவர்ஸ் என்பவர்மீது ஒரே கொலை வழக்கு ஆறு முறை நடந்தது. அவற்றில் தாம் நீக்கியிருக்கக்கூடிய 42 கறுப்பர்களில் 41 பேரை அரசு வழக்கறிஞர் நீக்கினார். ஆறாவது முறை, நீக்கப்பட்ட ஐந்து கறுப்பர்களிடம் 145 கேள்விகள் கேட்கப்பட்டன. ஜூரியில் அமர்ந்த 11 வெள்ளையரிடம் மொத்தமே 12. இப்படித் துருவினால் யாரிடம்தான் ஒரு குறை அகப்படாது? 2019இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தபோது அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார்.

இத்தனை வம்பு எதற்கு, இந்தியாவைப் போல ஜூரியையே விட்டுவிடலாமே என்பார்கள் சிலர். நீதிபதியும் ஏதோ ஒரு பின்னணியிலிருந்து வருபவர்தான். அவர் சாய்ந்தால் அந்த இருக்கையிலேயே மறுத்துப் பேச ஆளில்லை. ஜூரி என்றாலே பாரபட்சம் என்பதும் சரியல்ல. இங்கிலாந்து, வேல்ஸில் 68,000க்கும் மேற்பட்ட ஜூரித் தீர்ப்புகளை ஆராய்ந்த செரில் தாமஸின் 2010 அறிக்கை, சிறுபான்மை இனத்தவர் அநியாயமாக அதிகம் தண்டிக்கப்படுவதாகக் காணவில்லை. அங்கே பிரதிவாதித் தரப்புக்கு இருந்த அந்த நிராகரிப்பு உரிமை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போய்விட்டது. ஜூரி பெரும்பாலும் குலுக்கலில் அமைகிறது. வித்தியாசத்துக்கு இதுவே முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் திருத்தக்கூடிய காரணம் இதுதான். அரிசோனா 2022இல் இந்த உரிமையை அடியோடு ஒழித்தது. மற்ற மாநிலங்களும் அதையே செய்ய வேண்டும்.