புகைக்கு யார் வைத்தியம் பார்ப்பது?



2013 ஜூன் 23, ஞாயிறு காலை. நம் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746 ஆக இருந்தது. அது 100-ஐத் தாண்டினாலே உடலுக்குக் கேடு. 300-க்கு மேல் போனால் பேராபத்து. அன்று மூவாரிலும் லேடாங்கிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

அந்தப் புகை நம் ஊரில் கிளம்பியதல்ல. மலாக்கா நீரிணைக்கு அப்பால், சுமத்ராவில் சதுப்புக் காடுகள் எரிந்தன. அங்கே மண்ணே மட்கிய இலையும் மரமும்தான். நீரை வடித்துக் காயவிட்டால், தீ நிலத்தடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். காற்று அந்தப் புகையை இங்கே கொண்டுவந்தது.

இருமலுக்கு மருத்துவர் மருந்து தருவார். புகைக்கு?

இந்தக் கேள்வியோடு வாழும் ஒரு மலேசிய மருத்துவரை அறிந்துகொள்வோம். டான் ஸ்ரீ டாக்டர் ஜெமிலா மாமூட் ஒரு மகப்பேறு மருத்துவர். கொசோவோ போரில் மக்கள் படும் துயரம் கண்டு, 1999-இல் 'மெர்சி மலேசியா' என்ற மருத்துவ நிவாரண அமைப்பைத் தொடங்கினார். 2003-இல் பாக்தாத்தில் நிவாரணப் பணியின்போது குண்டடி பட்டார். ஆனாலும் பணியைக் கைவிடவில்லை. பின்னர் ஐக்கிய நாட்டு நிறுவனத்திலும், ஜெனீவாவில் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் அனைத்துலகக் கூட்டமைப்பிலும் உயர் பொறுப்புகளை வகித்தார். 2020-இல், மூவாரில் பிறந்த அன்றைய பிரதமர் டான் ஸ்ரீ முகிதீன் யாசின் அவரைப் பொதுச் சுகாதாரச் சிறப்பு ஆலோசகராக நியமித்தார்.

2021-இல் சன்வே பல்கலைக்கழகத்தில் 'புவிநல' ஆய்வு மையத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். காடும் நீரும் காற்றும் நலமாக இருந்தால்தான் மனிதனும் நலமாக இருப்பான் என்பதே புவிநலத்தின் அடிப்படை.

இதில் கொள்கைக்கு என்ன வேலை? இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன். 2013-இல் நம் குறியீடு 10 மைக்ரோமீட்டர் வரையுள்ள துகள்களையே கணக்கில் எடுத்தது. நுரையீரலின் ஆழம்வரை செல்லும் 2.5 மைக்ரோமீட்டர் துகள்கள் 2018-இல்தான் சேர்க்கப்பட்டன. எல்லை கடந்த புகைமூட்டம் பற்றிய ஆசியான் ஒப்பந்தம் 2002-இல் கையெழுத்தானது. இந்தோனேசிய நாடாளுமன்றம் அதை ஏற்றதோ 2014-இல். அளப்பதும் பேசுவதும் தாமதமானால், அதுவரை அந்தக் காற்றைத்தான் நாம் சுவாசிக்க வேண்டும்.

மருத்துவராக விரும்பும் மாணவர்களே, நோயாளியைப் பாருங்கள்; அவர் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறார் என்றும் கேளுங்கள். இன்றே மூவாரின் குறியீட்டைப் பார்த்து நோட்டில் குறியுங்கள். ஒரு மாதம் தொடருங்கள். எந்த நாளில், ஏன் ஏறியது என்று வகுப்பில் பேசுவோம்.